ராணி தூராவின் இடப்பக்கம்

படகு கப்பலை ஒட்டி நின்றதும் எஸ்பன் கோஃபுட் ஏணியைப் பிடிப்பதற்கு முன்னால் பலகையைத் தொட்டுப் பார்த்தான். இருபத்து மூன்று வருஷம் கப்பல் தச்சனாக இருந்தவனின் கை, கிட்டத்தில் வந்த மரத்தைத் தடவாமல் விடாது. பாய்மரங்கள் மூன்றையும் பிடுங்கியிருந்தார்கள். கறுப்புச் சாயம் செதில் செதிலாக உரிந்திருந்தது. மேல்தளத்தில் கோழிக்கூடு மாதிரி மரக் கொட்டகைகள். அவற்றுக்கு நடுவே கொடி கட்டி நூற்றுக்கணக்கான மஞ்சள் சட்டைகள் காய்ந்தன. மெட்வே ஆற்றுச் சேற்றில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு போர்க்கப்பல்களை இங்கிலீஷ்காரன் வரிசையாகக் கட்டிப்போட்டுச் சிறைச்சாலை ஆக்கியிருந்தான். 1808ஆம் வருஷத்து இலையுதிர்காலம் அது. கடலில் பிடிபட்ட டென்மார்க்காரர்களான நம்மவர்களையும், நம் அரசின் கீழ் இருந்த நார்வேக்காரர்களையும் கொண்டுவந்து அதற்குள் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏணியில் நாலு படி ஏறியவன் நின்றுவிட்டான். கண்ணுக்கு நேரே இரண்டு பலகைகள் சேருகிற பொருத்து. அந்தப் பொருத்தை அப்படிச் சாய்த்து வெட்டுகிற வழக்கம் கோபன்ஹேகனில், ஹோல்மன் கப்பல் கட்டும் துறையில்தான் உண்டு. கழுத்தைத் திருப்பிக் கப்பலின் பின்புறத்தைப் பார்த்தான். பெயரைச் சாயம் பூசி மறைத்திருந்தார்கள். அதற்கு மேலே செதுக்கியிருந்த பெண்முகத்துக்கு மூக்கு போயிருந்தது. கிரீடம் மட்டும் மிச்சமிருந்தது.

"ஏறுய்யா! மாமியார் வீட்டு வாசல்ல நிக்கிற மாப்பிள்ளை கணக்கா என்ன தயக்கம்?" என்று கீழ்ப்படியிலிருந்து ஹல்வோர் கத்தினான். பெர்கன் ஊர்க்காரன், ஆறரை அடி உயரம், எஸ்பனோடு ஒரே கப்பலில் பிடிபட்டவன்.

"இது நம்ம கப்பல்டா," என்றான் எஸ்பன். "ராணி தூரா. நாங்க கட்டினது."

ஹல்வோர் அண்ணாந்து பார்த்தான். பிறகு படகில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "ஊர்ல எல்லாரும் சொந்தமா வீடு கட்டிக் குடிபோவாங்க. நம்ம மேஸ்திரி சொந்தமா ஜெயில் கட்டிக் குடிவந்திருக்காருப்பா!"

படகே சிரித்தது. எஸ்பனும் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

எழுபத்து நாலு பீரங்கிக் கப்பல் ராணி தூரா. மூவாயிரம் ஓக் மரம் அதற்குள் போயிருக்கிறது. 1792இல் அது தண்ணீரில் இறங்கியபோது எஸ்பனுக்கு இருபத்து நாலு வயது. இறங்கிய அன்று மாலையே சிட்சல் என்ற பெண்ணிடம் தன்னைக் கட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்டு, சரி என்று சொல்லவைத்தான். அதற்கப்புறம் பதினைந்து வருஷம் கப்பல் துறைமுகத்தில்தான் நின்றது. வேறு கப்பல்கள் போருக்குப் போயின, அடிபட்டன, திரும்பி வந்தன. தூராவுக்கு ஒரு தடவையும் முறை வரவில்லை. 1807இல் இங்கிலீஷ்காரன் வந்து மூன்று ராத்திரி ஊரைக் கொளுத்தினான். பிறகு துறையில் நின்ற கடற்படையை மொத்தமாக ஓட்டிக்கொண்டு போனான். சண்டையே பார்க்காத பீரங்கிகளோடு ராணி தூரா வேற்றான் கையில் பாய் விரித்துப் போனதை எஸ்பன் கரையில் நின்று பார்த்தான். துறையில் வேலை இல்லாமல் போனது. அடுத்த வருஷம் இங்கிலீஷ் சரக்குக் கப்பல்களைப் பிடிக்கக் கிளம்பிய ஒரு சிறிய கப்பலில் ஏறினான். டென்மார்க்கின் வடகோடி ஸ்காகன் முனையில் அவர்களையே பிடித்துவிட்டார்கள்.

கீழ்த்தளத்தில் நானூறு பேர். நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். பீரங்கி வாய்களில் இரும்புக் கம்பி. ஆறு ஆறு பேராகச் சேர்ந்து ஒரு தொட்டியில் சோறு வாங்கித் தின்ன வேண்டும். எஸ்பனுடைய பந்தியில் ஹல்வோரும், திராகோர் ஊர் மீனவர்களான அக்சல், ஓலுஃப் என்ற அண்ணன் தம்பியும், இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். இரண்டு குளிர்காலம் போயிற்று. காய்ச்சலில் செத்தவர்களைப் படகில் ஏற்றிச் சேற்றுத் தீவில் புதைத்துவிட்டு வருவார்கள். எலும்பைச் செதுக்கிச் சின்னக் கப்பல் செய்து கரைக்காரர்களுக்கு விற்பதுதான் பகல்பொழுதுக்கு வேலை. எஸ்பன் செய்த எலும்புக் கப்பல்களுக்கு நல்ல பெயர். சிட்சலுக்குப் பதினொரு கடிதம் எழுதினான். ஒன்றுக்கும் பதில் இல்லை.

மூன்றாவது குளிர்காலத்தில் ஒருநாள் ஹல்வோர் தொட்டிக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தான்.

"மேஸ்திரி, இந்தக் கப்பல்ல எங்க குடைஞ்சா சீக்கிரம் வெளிய வரலாம்?"

"எங்க குடைஞ்சாலும் ஒண்ணரை முழ ஓக்கு. உன் பேரன்தான் வெளிய வருவான்."

"கட்டினவன் நீ. உனக்குத் தெரியாத இடமா?"

எஸ்பன் தொட்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போனான். ஓர் இடம் அவனுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாகப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத இடம்.

கட்டுகிற காலத்தில், கை விறைத்துப்போன ஒரு ஜனவரிக் காலையில், இடப்பக்கத்து விலாச்சட்டம் ஒன்றை வாய்ச்சியால் செதுக்கும்போது அதிகமாக இறக்கிவிட்டான். வளைந்து வளர்ந்த அருமையான ஓக் துண்டு. அதைப் பாழாக்கியது தெரிந்தால் தலைமைத் தச்சர் அன்றைக்கே வெளியே தள்ளியிருப்பார். எஸ்பன் சட்டத்தின் கெட்ட பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் மிருதுவான பைன் கட்டையைச் செருகி, தார் பூசி, மேலே பலகை அடித்து மூடிவிட்டான். கடலில் என்றைக்காவது அந்த இடத்தில் ஒரு குண்டு பட்டால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து எத்தனையோ தடவை தூக்கம் கெட்டிருக்கிறான்.

இரண்டு நாள் கழித்து ஹல்வோரிடம் சொன்னான். ஐந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லி முடித்தபோது அவனுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது.

ஓலுஃபுக்கு இருபத்திரண்டு வயசு. வாய் சும்மா இருக்காது. "அட, நீங்க திருட்டு வேலை பண்ணதாலதான் நமக்கு வாசல் கிடைச்சிருக்கு! உங்களுக்குச் சிலை வைக்கணும் மேஸ்திரி."

"வாயை மூடுடா," என்று அக்சல் தம்பியின் பிடரியில் ஒன்று போட்டான்.

அந்த இடம் பின்கோடியில், கைதிகள் படுக்கிற தூளிகள் நெருங்கித் தொங்கும் மூலையில் இருந்தது. பீரங்கியும் பாரமும் இல்லாத கப்பல் தண்ணீரில் உயர்ந்து மிதந்ததால், துளை விழுந்தால் நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே விழும். அதற்கும் மேலேதான் காவலாளிகள் சுற்றி நடக்கிற பலகைப் பாதை. பட்டப்பகலில் குடைந்தார்கள். எலும்பு அறுக்கிற ரம்பங்களின் சத்தத்தோடு இந்த உளியின் சத்தமும் கலந்துவிட்டது. சத்தம் மிஞ்சுகிறது என்று தோன்றினால் ஹல்வோர் கட்டைக்குரலில் தேவ கீதம் பாட ஆரம்பிப்பான். சுற்றி இருப்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். தினமும் சாயங்காலம் காவலாளிகள் இரும்புத்தடியால் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வருவார்கள். வெட்டின பலகையையே எஸ்பன் மூடியாக இழைத்தான். விளிம்பில் ரொட்டி மாவையும் கரியையும் பிசைந்து அடைத்தான். தட்டினால் கெட்டியாகவே சத்தம் வந்தது. அதைக் கேட்டபோது, பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தலைமைத் தச்சர் இதே இடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்துக்கொண்டு போனது அவன் ஞாபகத்துக்கு வந்தது.

பிப்ரவரியில் ஒரு விடியற்காலை ஆற்றில் பால் ஊற்றின மாதிரி மூடுபனி இறங்கியது. கடல் ஏற்றத்தில் வெள்ளம் உயர்ந்து நின்றதால் சேறு தெரியவில்லை. மேலே ரொட்டி கொடுக்கும் நேரம். பாதிக் கூட்டம் ஏணியருகில் நின்றது. அக்சலுக்கு ஒரு வாரமாக நெஞ்சுச்சளி. எழுந்து நிற்கவே முடியவில்லை. "நீ போ," என்று தம்பியிடம் சொன்னான். "அம்மாகிட்ட நான் பின்னால வர்றேன்னு சொல்லு." பக்கத்துப் பந்தியிலிருந்தும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள்.

எஸ்பனுக்கு நீச்சல் தெரியாது. அவன் கடைசியில் இறங்குவது, ஹல்வோர் இடுப்பில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவது என்று பேசி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக நழுவினார்கள். ஆறாவது ஆளாக ஓலுஃப் போனான். போகும்போது, "சிலையை மறந்துடாதீங்க," என்றான். ஹல்வோர் தோளை ஒடுக்கிக்கொண்டு இறங்கி, தண்ணீரில் மிதந்தபடி கையை நீட்டினான்.

"வா, மேஸ்திரி."

அப்போது ஏணியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வழக்கமில்லாத நேரம். எஸ்பன் துளைக்குள் காலை விட்டால் மூடி உள்ளே கிடக்கும். வெளியிலிருந்து அதைப் பொருத்த வழியில்லை. காவலாளி தூளிகளைத் தாண்டி வர நூறு எண்ணும் நேரம் ஆகுமா?

"சிட்சலைப் பாரு," என்றான். "நியூபோதர் குடியிருப்புல மூணாவது வரிசை. உயிரோட இருக்கேன்னு சொல்லு."

"மேஸ்திரி, கிறுக்குத்தனம் பண்ணாதே..."

மூடியை இழுத்து அழுத்தினான். விளிம்பில் மாவைத் தேய்த்தான். முதுகை அதன்மேல் சாய்த்து உட்கார்ந்துகொண்டு மடியில் ஓர் எலும்புத் துண்டை எடுத்து வைத்தான். காவலாளி வந்து நின்று பார்த்தான். கொட்டாவி விட்டுக்கொண்டு போய்விட்டான். முதுகுப் பக்கம் தண்ணீர் சளப் சளப் என்று இரண்டு தடவை கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

சாயங்காலம் தலை எண்ணும்போதுதான் ஏழு பேர் குறைவது தெரிந்தது. மறுநாள் சுவரை இடித்துத் துளையைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு பேர் மறுகரையில் பிடிபட்டார்கள். மற்றவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செப்பனிட்டு முடிகிற வரைக்கும் கீழ்த்தளத்துக்கு மூன்றில் ஒரு பங்கு ரொட்டி வெட்டு என்று அதிகாரி சொன்னார். குடைந்தது யார் என்று கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்து நாளில் பலவீனமாகக் கிடந்த இரண்டு பேர் செத்துப்போனார்கள். பதினோராவது நாள் எஸ்பன் தானே மேலே போய், "நான்தான்," என்றான். அடித்தட்டில் இருக்கும் இருட்டு அறையில் பத்து நாள் போட்டார்கள்.

வெளியே வந்தபோதும் துளை அப்படியேதான் இருந்தது. ரொட்டி வெட்டும் அப்படியேதான் இருந்தது. சிறைக் கப்பல்கள் அத்தனைக்கும் ஒரே தச்சர்தான், பாஸ்கோ என்று பெயர். கால் தாங்கி நடக்கிற ஆள். அன்றைக்குத்தான் முதல்முறையாக வந்து துளைக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கழுதைய்யா இந்த எடத்துல பைன் கட்டையை வெச்சது?" என்றார்.

இரண்டரை வருஷத்தில் எஸ்பனுக்கு இங்கிலீஷ் போதுமான அளவு வந்திருந்தது. "அந்தக் கழுதை நான்தான்," என்றான்.

பாஸ்கோ விளக்கை அவன் முகத்துக்கு நேரே தூக்கினார். "நீ இந்தக் கப்பல் கட்டினவனா?"

"ஆமா."

"சட்டத்தைக் கெடுத்துட்டியா?"

"ஆமா. ஜனவரி மாசம். கை விறைச்சுப்போச்சு."

பாஸ்கோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அடக்கிக்கொண்டார். "நானும் ஒண்ணு பண்ணியிருக்கேன். எந்தக் கப்பல்னு செத்தாலும் சொல்ல மாட்டேன்." விளக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு இதைத் தொடவே ஜூன் மாசம் ஆயிடும். அதுவரைக்கும் உங்க ஆளுங்க அரை வயிறுதான். நீ பண்றியா? மரமும் உளியும் நான் தர்றேன். ஒரு காவலாளி கூட நிப்பான்."

எஸ்பன் சரி என்றான்.

அன்று சாயங்காலமே தளத்தில் விஷயம் பரவிவிட்டது. கண் குழிந்து, தாடி வளர்ந்து, அக்சல் தூளியிலிருந்து இறங்கி வந்தான்.

"எங்க தம்பி போன வாசலை நீங்களே அடைக்கப் போறீங்களா?"

"ரொட்டி வெட்டு நிக்கணும், அக்சல். ரெண்டு பேர் செத்தாச்சு."

"இன்னொரு தடவை அந்த வழியா அம்பது பேர் போகலாம். இங்கிலீஷ்காரன்கிட்ட உளி வாங்கி அதை அடைக்கிறீங்க. உங்களுக்கு என்ன தர்றான்? இறைச்சியா?"

"இனிமே அங்க ராத்திரி பகலா ஆள் நிக்கும். அது வாசல் இல்ல, வெறும் ஓட்டை."

"என்கிட்ட பேசாதீங்க," என்றான் அக்சல். "இனிமே என்கிட்ட பேசாதீங்க."

ஒன்பது நாள் வேலை. கனத்தைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் கேட்டான், ஒருவரும் வரவில்லை. கயிற்றைப் போட்டுத் தனியாகவே தூக்கினான். பழைய பைன் கட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பாஸ்கோ கொடுத்த வளைந்த ஓக்கை மயிரிழை பிசகாமல் உட்காரவைத்து, மர ஆணி அடித்து, இடுக்குகளில் தார் தோய்த்த நாரைத் திணித்துக் கலப்பத்து அடைத்தான். அவன் வாழ்நாளில் அதைவிட நல்ல பொருத்து செய்ததில்லை. பாஸ்கோ தட்டிப் பார்த்துவிட்டு அவன் தோளில் கையை வைத்தார். பத்தாவது நாள் முழு ரொட்டி வந்தது. நானூறு பேர் தின்றார்கள். எஸ்பன் தன் பந்திக்குப் போனபோது, அவன் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அந்தத் தளத்தில் அவனோடு யாரும் பேசவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. அவன் வந்தால் வழிவிடுவார்கள். பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்துவார்கள், அவன் தாண்டியதும் மறுபடி ஆரம்பிப்பார்கள். நானூறு பேரின் மூச்சும் இருமலும் குறட்டையும் காதில் விழும். அதில் ஒரு சொல்கூட அவனுக்கானது இல்லை. பங்கைத் தனியாக வாங்கிக்கொண்டு, தான் மூடிய சுவருக்குக் கீழேயே உட்கார்ந்து தின்றான். முதல் சில மாதம் தனக்குள்ளே பேசிப் பார்த்தான். பிறகு அதுவும் விட்டுப்போயிற்று. ஒருநாள் தும்மியபோது தன் குரலே வேற்றாள் குரல் மாதிரி இருந்தது.

1812இல் இலைகள் உதிர ஆரம்பித்திருந்தபோது பாஸ்கோ வந்தார். மரம் ஏற்றி வந்த சுவீடன் கப்பலின் மாலுமி ஒருவன் கொடுத்தான் என்று சட்டைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். எழுத்து தேவாலய எழுத்தருடையது. சொல் சிட்சலுடையது.

ஒரு நெட்டையன் வீட்டுக்கு வந்ததாகவும், நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டதாகவும், பீர் ஊற்றிக் காய்ச்சிய ரொட்டிக் கஞ்சி மூன்று கிண்ணம் குடித்ததாகவும், அப்புறம் அழுததாகவும் எழுதியிருந்தாள். நாலு பேர் ஒரு மீன்பிடி படகைக் கிளப்பிக்கொண்டு ஹாலந்து போய்ச் சேர்ந்தார்களாம். ஓலுஃப் என்ற பையன் மட்டும் வரவில்லை. அவனுக்கு நடந்ததையும் ஹல்வோர் சொன்னபடியே எழுதவைத்திருந்தாள்.

எஸ்பன் அதை மூன்று தடவை படித்தான். பிறகு எழுந்து, கூனிக் குனிந்து, தூளிகளுக்கு நடுவே நடந்து அக்சலின் முன்னால் போய் நின்றான். பந்தியில் பேச்சு நின்றது.

"கடிதம் வந்திருக்கு," என்றான். குரல் கரகரத்து, பாதிதான் வெளியே வந்தது. "ஹல்வோர் ஊர் போய்ச் சேர்ந்துட்டான்."

அக்சல் நிமிரவில்லை. தொட்டியைப் பார்த்தபடியே கேட்டான்: "அவனைப் பத்தி?"

"இருக்கு."

"சொல்லுங்க."

"வெள்ளம் வடிஞ்சிடுச்சு. கரைக்கு முன்னால சேத்துல மாட்டிக்கிட்டான். இடுப்பு வரைக்கும். ஹல்வோர் கயிறு போட்டு இழுத்திருக்கான். அவனும் கூட இறங்க ஆரம்பிச்சுட்டான். உங்க தம்பி கயித்தை அவனாவே அவுத்துவிட்டுட்டான்."

அக்சல் கரண்டியைத் தொட்டிக்குள் வைத்தான்.

"பக்கத்துக் கப்பல் காவலாளி கூப்பிடு தூரத்துலதான் இருந்திருக்கான்," என்றான் எஸ்பன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வரும் வழியெல்லாம் யோசித்திருந்தான். "கத்தியிருந்தா வந்து தூக்கியிருப்பாங்க. மத்தவங்க மாட்டிப்பாங்கன்னு கத்தல. கடைசி வரைக்கும் கத்தல."

அக்சல் எழுந்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் எஸ்பன் நினைத்தான். அடி வாங்கத் தயாராகவே நின்றான். அக்சல் அவனைத் தாண்டிப் பின்கோடிக்கு நடந்து போய், அந்தச் சுவரின் கீழே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். எஸ்பன் போய்க் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். விளக்கு அணைக்கும் வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். மறுநாளிலிருந்து அக்சல் தன் பங்கை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்து தின்றான். மற்றவர்கள் கடைசிவரை வரவில்லை.

1814இல் சமாதானம் ஆயிற்று. எங்கள் அரசு நார்வேயை இழந்தது, கைதிகளை விட்டார்கள். ஏணியில் இறங்கும்போது எஸ்பன் எந்தப் பலகையையும் தொடவில்லை. இரண்டு வருஷம் கழித்து ராணி தூராவை உடைத்து விறகாக விற்றுவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டான்.

கோபன்ஹேகன் கரையில் ஒரே கூட்டம். இறங்குகிற பலகையிலிருந்தே எஸ்பன் சிட்சலைப் பார்த்துவிட்டான். இளைத்திருந்தாள், நீலத் துணியால் தலையை மூடிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள். இருபது அடி தூரம்தான். காலை எடுத்து வைத்தான். அக்சல் அவன் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தான்.

"அங்க எங்க அம்மா," என்றான். "நான் எழுதவே இல்ல. ரெண்டு பேரும் வர்றோம்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்கா."

கயிற்றுக் குவியல் பக்கம் ஒரு கிழவி, திராகோர்க்காரிகளின் கறுப்பு உடையில், கையில் இரண்டு புதுக் கம்பளிச் சட்டைகளோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னால தனியா சொல்ல முடியாது. நீங்களும் வாங்க."

எஸ்பன் சிட்சல் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். அவள் இன்னும் அவனைக் கண்டுகொள்ளவில்லை. அவன் அக்சலோடு திரும்பிக் கிழவியை நோக்கி நடந்தான். அவள் மூத்தவனைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு எஸ்பனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால், கப்பலிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். எஸ்பன் தொப்பியைக் கழற்றினான்.